"நீங்க யாரு, எதுக்கு வந்திருக்கீங்க?" – சென்னையில் களப்பணிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப்பணி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் களத்துக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். வருடா வருடம் புது முகங்கள், அதே சந்தேகங்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். வீடு வீடாகப் போய் டிக் அடிக்கும் சர்வேக்கு இதில் பாதி பொருந்தாது. ஒரே ஏரியாவுக்குத் திரும்பத் திரும்பப் போய், உட்கார்ந்து பேசி, பார்த்து எழுதுகிற ஆய்வுக்கானவை இவை.

1. முதல் நாள் போய் நின்னு என்னன்னு சொல்றது?

பெயர், எங்கே படிக்கிறீர்கள், எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள், எவ்வளவு நாள் வந்து போவீர்கள். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிடும். நீங்கள் கிளம்பியதும் "யாரு அந்தப் பொண்ணு?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்; நீங்கள் பேசிய அம்மாதான் பதில் சொல்வார். அவர் வாயில் எளிதாக வருகிற மாதிரி உங்கள் அறிமுகம் இருக்க வேண்டும். ஏரியாவில் உங்களைப் பற்றிப் பரவப்போவது அவர் சொல்லும் அந்தப் பதில்தான். ஒரு மாதிரி: "என் பேரு செல்வி, காலேஜ்ல படிக்கிறேன். சிட்டிக்குள்ள இருந்து இங்க மாத்தி வந்தவங்க வேலைக்குப் போய் வர எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். அதைப் பத்தி எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு டிகிரி. பொங்கல் வரைக்கும் வந்து போயிட்டு இருப்பேன்." இவ்வளவு போதும்.

"வாழ்வாதார உத்திகள்" என்பதெல்லாம் கைடுக்கு (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு) முன்னால் இருக்கட்டும். "அடித்தட்டு மக்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்" என்று ஒரு மாணவர் ஒரு அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னபோது நான் கூட இருந்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கொடுத்தார், சிரித்து அனுப்பினார். அடுத்த வாரம் அவருக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்று. யாரிடம் சொன்னாலும் ஒரே அறிமுகம். கவுன்சிலரிடம் "திட்டமெல்லாம் நல்லாப் போய்ச் சேருதான்னு பாக்க வந்தேன்", பெண்களிடம் "உங்க கஷ்டத்தை எழுத வந்தேன்", டீக்கடைப் பையன்களிடம் "சும்மா ப்ராஜெக்ட்டு ப்ரோ" என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி சொன்னால், சாயங்காலமே மூன்றும் ஒரே பெஞ்சில் சந்தித்துக்கொள்ளும்.

2. ஆராய்ச்சின்னு சொன்னாலும் "கவர்மென்ட்டா? டிரஸ்ட்டா?"ன்னுதான் கேக்குறாங்க. ஏன் நம்ப மாட்டேங்குறாங்க?

இதுவரை பேப்பரோடு வந்தவர்கள் எல்லாம் அவர்கள்தானே? கூவம், அடையாறு ஓரத்தில் கைரேகை பதிந்து கணக்கெடுத்தார்கள். அப்புறம் வீட்டை இடித்து, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்தார்கள். இவர்கள் எழுதிக்கொண்டு போன ஒவ்வொரு தாளுக்கும் ஒரு விளைவு உண்டு: வீடு கிடைக்கும், போகும், பணம் வரும், நிற்கும். "சும்மா தெரிஞ்சுக்க வந்தேன்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு போனால் சந்தேகம் வருவதுதான் நியாயம்.

இந்தப் பயம் பழையது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடு சென்னை மாகாணம் முழுக்கச் சுற்றியவர். வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டு ஓடியதை அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பாடம் செய்து மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று நினைத்தார்களாம். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க விட மறுத்த இருளர் ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அளக்க வந்தவரின் நோக்கத்தைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கு ரொம்பத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் நீங்கள் யார் என்று சொன்ன கையோடு, யார் இல்லை என்பதையும் சொல்லுங்கள்: "போர்டு ஆபீஸ்ல இருந்து வரலைம்மா. எந்தக் கட்சியும் இல்ல. வீடு, கார்டு, பணம் எதையும் என்னால வாங்கித் தரவும் முடியாது, நிறுத்தவும் முடியாது." குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினாலும் அங்கே இருப்பவர்களுக்கு அது "போர்டு"தான். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. நாலைந்து தடவை போன பிறகும் யாராவது ஒருவர் ஆதார் நகலை நீட்டுவார்.

3. காலேஜ் ஐடி கார்டைக் கழுத்துல போட்டுக்கலாமா?

பைக்குள் இருக்கட்டும், கேட்டால் காட்டுங்கள். கழுத்துப் பட்டையும், கிளிப் போட்ட அட்டையும் உங்களை 2-ஆம் பதிலில் சொன்ன கூட்டத்தோடு சேர்த்துவிடும். சின்ன நோட்டு போதும்.

ஆனால் கல்லூரித் தாளில் தமிழில் அச்சடித்த ஒரு பக்கக் கடிதம் கண்டிப்பாக வேண்டும். அதில் உங்கள் பெயர், என்ன ஆய்வு, கைடின் பெயர், துறையின் தொலைபேசி எண் இருக்கட்டும். நாலைந்து பிரதி வைத்திருந்து, கேட்கிறவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து சாயங்காலம் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

4. யார் மூலமா உள்ள போறது நல்லது? கவுன்சிலரா, டிரஸ்ட்டா, நமக்குத் தெரிஞ்ச அக்காவா?

யார் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறீர்களோ, அவருடைய ஆளாகிவிடுவீர்கள். இதைத் தவிர்க்க வழியில்லை. எந்த ஆளாக அறியப்படுவது உங்கள் தலைப்புக்கு இடைஞ்சல் குறைவு என்று மட்டும் பார்க்கலாம்.

மீனவக் குப்பங்களில் இந்த யோசனைக்கே இடமில்லை, ஊர் நிர்வாகிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஊர் நிர்வாகிகளைப் பார்க்காமல் ஊரூர் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தால், இரண்டாம் நாளே யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். தலைவரைப் போய்ப் பாருங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள். வலை பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. கை வேலை செய்யும், வாய் பேசும். ஊரில் அந்தச் சமயம் என்ன பிரச்சினை ஓடுகிறது என்றும் தெரிந்துகொண்டு போங்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றி, மறியல் நடந்துகொண்டிருந்தபோது அங்கே நோட்டோடு நின்ற யாருக்கும் நல்ல வரவேற்பு இருந்திருக்காது. ஆனால் தலைவர் சரி என்றுவிட்டால் ஊரே சரி என்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. மீன் விற்கிற பெண்களுக்குத் தனியாகச் சொல்லி, தனியாகக் கேட்க வேண்டும். தலைவர் அனுப்பினார் என்பதற்காகப் பேசுகிறார்களா, பேசப் பிடித்துப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மாதிரி இடங்களில் இப்படி ஒரே வாசல் கிடையாது. பல இடங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த மக்கள். ஒரு பிளாக்கில் செல்வாக்கான அக்காவை அடுத்த பிளாக்கில் தெரியாது. டிரஸ்ட் வழியாகப் போவது சுலபம், அதனால் எல்லோரும் அப்படியே போகிறார்கள். அங்கே குழப்பம் வேறு மாதிரி வரும்: டிரஸ்ட் நடத்தும் டியூஷன், தையல் வகுப்பைப் பற்றி யாரும் உங்களிடம் குறை சொல்ல மாட்டார்கள். முதல் சில நாள் டிரஸ்ட் ஊழியரோடு போய் அறிமுகமாகிவிட்டு, அப்புறம் தனியாகப் போங்கள். பேட்டி எடுக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார வேண்டாம். சொல்லச் சங்கடமாக இருக்கும்தான், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கவுன்சிலரிடம் மரியாதைக்குத் தகவல் சொல்லிவிட்டு வருவது நல்லது. அவருடைய ஆட்களோடு தெருவில் நடப்பது நல்லதில்லை.

5. என்ன டிரெஸ் போட்டுட்டுப் போறது?

உங்கள் அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனால் எதைப் போடுவீர்களோ அதை. இதற்கென்று கசங்கின காட்டன் சுடிதாரும் ஜோல்னாப் பையும் தேடி வாங்க வேண்டாம். "இவங்க டிரஸ்ட்டுதான்" என்று அதை வைத்தே முடிவு கட்டுவார்கள். அங்கே உங்களிடம் பேசப்போகிற பெண் உங்களுக்காகத் தலை வாரி, நல்ல நைட்டி மாற்றி, மேலே துண்டு போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நீங்கள் அழுக்காகப் போய் நிற்பது மரியாதை இல்லை.

6. அவங்க பேசுற மாதிரியே மெட்ராஸ் பாஷையில பேசணுமா? அப்பதான் ஒட்டுவாங்களா?

வேண்டவே வேண்டாம். அது உங்கள் வீட்டுப் பேச்சாக இருந்தால் பேசுங்கள். மதுரையிலிருந்து வந்தவர் மதுரைத் தமிழிலேயே பேசட்டும், அதைக் கேட்டு "எந்த ஊரு?" என்று தொடங்கும் பேச்சு நன்றாகவே போகும். சினிமாவில் கேட்டதை வைத்து "இன்னா நைனா" என்று ஆரம்பித்தால் கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் வார்த்தையைப் புரிந்துகொள்ளுங்கள், நோட்டில் எழுதுங்கள், நடிக்காதீர்கள்.

7. வயசானவங்க கூட "மேடம்"னு கூப்பிடுறாங்க. அப்படியே விட்டுடலாமா?

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, உங்க பொண்ணு மாதிரிதான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறமும் மேடம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த வார்த்தையால் உங்களைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்திவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் உரிமை. ஒருநாள் "ஏம்மா, சாப்ட்டியா?" என்று தானாக மாறும். மாறாமலே போகவும் கூடும்.

நீங்கள் அவர்களை அக்கா, அண்ணா, ஆயா என்று கூப்பிடுவது சரிதான், ஆனால் யோசித்துக் கூப்பிடுங்கள். அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவரின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தால் உங்களுக்குப் பத்திரிகை வரும், போகவும் வேண்டும். ஆய்வு முடிந்ததும் போனை எடுக்காத தங்கச்சியைப் பற்றி அந்தத் தெருவில் என்ன பேசுவார்கள் என்று 17-ஆம் பதிலில் பார்ப்போம்.

8. "சொந்த ஊர் எது? நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது?

சென்னையில் பெரும்பாலும் நேராகக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, வீட்டில் கறி எடுப்பீர்களா என்று சுற்றி வருவார்கள். நான்கு பதிலில் அவர்களே முடிவுக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். பெயர், நிறம், தண்ணீர் வாங்கிக் குடிக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"நான் சாதி பாக்குறதில்லைங்க" என்ற பதில் பேச்சை மூடிவிடும். பார்க்காமல் இருக்க முடிகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் அது அவர்கள் காதில் விழும். பொய் சொல்வது அதைவிட மோசம். என் கருத்து: கேட்டால் உண்மையைச் சொல்லலாம், சொல்லிவிட்டு எதற்குக் கேட்டார்கள் என்று காத்திருக்கலாம். பெரும்பாலும் பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும்: எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா? அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட, கொடுப்பதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. பாட்டில் தண்ணீரைப் பையிலிருந்து எடுத்துக் குடிப்பவரை யாரும் மறப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் டீயாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு. சாதி தெரிவதால் உங்களுக்கே ஆபத்தோ அவமானமோ வரும் என்று தோன்றினால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆதிக்க சாதித் தெருவில் ஆய்வு செய்யப் போகிற தலித் மாணவரிடம் "வெளிப்படையாக இரு" என்று பாடம் எடுக்க எனக்கு மனமில்லை. "அதெல்லாம் எதுக்குங்க, காலேஜ்ல படிக்கிறேன்" என்று கடந்து போகலாம். முன்கூட்டியே கைடோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

9. "இதனால எங்களுக்கு என்ன பிரயோஜனம்?"னு கேட்டா வாயடைச்சுப் போயிடுது.

உண்மையைச் சொல்லுங்கள்: "எனக்கு டிகிரி கிடைக்கும். உங்களுக்கு நேரா எதுவும் கிடைக்காது." இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். சிலர் போவார்கள். மற்றவர்களுக்கு, சுற்றி வளைக்காமல் ஒருவர் பேசுவதே புதிதாக இருக்கும். "அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்வேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துக்கும், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரத்துக்கும் எழுதிக்கொண்டு போக வந்தவர்களுக்குக் குறைவில்லை. எடுத்துச் சொல்வதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

"உரிமைத்தொகை வரலை, என் பேரை எழுதிக்கோங்க" என்று ஒருவர் கேட்டால், எழுதிக்கொள்வது போல் நடிக்காதீர்கள். நோட்டை மூடிவிட்டு, மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும், என்ன தாள் வேண்டும் என்று விசாரித்து அடுத்த தடவை சொல்லுங்கள். ஒரு மனு எழுதிக் கொடுப்பதால் உங்கள் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடாது. ஆனால் ஒருவருக்கு எழுதினால் பத்துப் பேர் வருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

10. பேட்டி குடுக்கிறவங்களுக்குப் பணம் குடுக்கலாமா?

நாள் கூலிக்காரரின் வேலை நேரத்தை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு கொடுப்பது நியாயம். எவ்வளவு என்று எதிக்ஸ் கமிட்டியிடம் (ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழுவிடம்) முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கி, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுங்கள். பணத்துக்காகவே பேசத் தோன்றும் அளவுக்குப் பெரிய தொகையாக இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது பிஸ்கெட், பழம் வாங்கிப் போவது வேறு. அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

11. கையெழுத்துன்னு சொன்னாலே எழுந்து போயிடுறாங்க. சம்மதப் படிவத்தை என்ன பண்றது?

கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்களைப் பார்த்தவர்கள், எழுந்துதான் போவார்கள். வாய்மொழிச் சம்மதத்துக்கு எதிக்ஸ் கமிட்டியிடம் முதலிலேயே அனுமதி வாங்கி வையுங்கள். சுகாதார ஆய்வுகளுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே குறிப்பிட்ட சூழ்நிலைகளில், கமிட்டியின் ஒப்புதலோடு, அதற்கு இடம் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதோடு பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்.

படிவத்தை மளமளவென்று வாசித்து முடிப்பது சம்மதம் வாங்குவது ஆகாது. மூன்று விஷயம் அவர் மனதில் பதிய வேண்டும்: பேச மாட்டேன் என்று சொல்லலாம், நடுவில் நிறுத்தலாம், பேசிய பிறகு "அதை எழுதாதே" என்றும் சொல்லலாம். மூன்றாவதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். ரெக்கார்டர் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். போனைக் கண் முன்னால் வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் நிறுத்துங்கள்.

12. போட்டோ?

கடைசியில், கேட்டுவிட்டு. கண்ணகி நகரில் 2020-இல் சுவர் முழுக்க ஓவியம் வரைந்த பிறகு கேமராவோடு வருகிறவர்களை அங்கே நிறையவே பார்த்துவிட்டார்கள். அந்த வரிசையில் நீங்களும் ஒருவராக வேண்டாம். அவர்கள் குடும்பப் படம் கேட்டால் எடுத்துக் கொடுங்கள், அது அவர்களுக்கு, ஆய்வுக்கு இல்லை.

13. என் தலைப்பே குடியும் வீட்டுச் சண்டையும். நேராச் சொன்னா எவனும் பேச மாட்டான். வேற தலைப்பு சொல்லிட்டுப் போகலாமா?

கூடாது. ஆனால் எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்ட வேண்டும் என்பதும் இல்லை. "குடும்பத்துல பெண்களோட உடம்பும் மனசும் எப்படி இருக்குன்னு கேக்குறேன், சண்டை, குடி பத்தியும் கேப்பேன், இஷ்டமில்லாததுக்குப் பதில் சொல்ல வேணாம்" என்று அந்தப் பெண்ணிடம் தனியாக முழுதாகச் சொல்லிவிடலாம். தெருவில் சொல்லும்போது "பெண்கள் ஆரோக்கியம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். புருஷன் காதில் முழுத் தலைப்பும் விழுந்தால் அடி வாங்கப்போவது அந்தப் பெண். இதை மட்டும் 1-ஆம் பதிலின் "ஒரே அறிமுகம்" விதிக்கு விலக்காக வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குச் சொன்னதும் உண்மை, கொஞ்சம் குறைவான உண்மை. பேசுகிறவருக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது.

முழுக்க மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் லாட் ஹம்ப்ரீஸ். 1960-களில் பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கு இடையே நடக்கும் உறவுகளைக் காவலுக்கு நிற்பவர் போல நின்று கவனித்தார். அது போதாதென்று அவர்களுடைய கார் எண்களைக் குறித்து, முகவரி பிடித்து, பின்னால் சுகாதார சர்வே எடுப்பவராக அவர்கள் வீட்டுக்கே போனார். அவர் கண்டுபிடித்தவை அந்த மனிதர்களைப் பற்றிய தப்பெண்ணங்களை உடைத்தன என்பது நிஜம். அந்தப் பட்டியல் போலீஸ் கையில் கிடைத்திருந்தால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும் என்பதும் நிஜம். கண்டுபிடிப்பு நல்லது என்பதால் வழியும் நல்லதாகிவிடாது என்ற பக்கத்தில்தான் நான் இருக்கிறேன். இப்போது எந்தக் கமிட்டியும் அதை அனுமதிக்காது.

14. நான் அதே ஏரியாவுல பொறந்து வளர்ந்தவன். எனக்கும் இந்த அறிமுகமெல்லாம் வேணுமா?

உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். வெளியாளைப் பார்த்தால் ஜாக்கிரதையாகப் பேசுவார்கள். உங்களிடம் பேசும்போது "நம்ம பையன்" என்று நினைத்துப் பேசுவார்கள். அதில் எது எழுத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. நோட்டை எடுக்கும்போது "அத்தை, இப்ப காலேஜ் வேலையாக் கேக்குறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். அத்தை வீட்டில் கல்யாணப் பேச்சுக்கு நடுவே காதில் விழுந்ததை, திரும்பப் போய்க் கேட்டு அனுமதி வாங்காமல் எழுதாதீர்கள்.

இன்னொரு சிக்கல், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துப் பலதைச் சொல்லாமல் விடுவார்கள். "உனக்குத் தெரியாதா என்ன" என்று வந்தால், "தெரியும், இருந்தாலும் நீங்க சொல்லுங்க" என்று கேட்கப் பழகுங்கள். உங்கள் குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் பழைய பகை இருந்தால் அந்தப் பக்கத்துப் பேட்டிகளை வேறு ஒருவர் எடுப்பது மேல்.

15. கூட வர்ற உதவியாளர் யாரா இருந்தா என்ன? நோட்டு எடுக்கத்தானே?

அவரும் சேர்ந்துதான் உங்கள் முகம். ஜெரால்ட் பெரிமன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1957-58-இல் இமயமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தபோது, முதலில் பிராமணர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்த மலை ஊரில் உயர்சாதியினரே கறி சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், பலி கொடுப்பார்கள். ஆனால் சமவெளிப் பிராமணர் முன்னால் அதையெல்லாம் மறைத்தார்கள். அவர் உடம்பு முடியாமல் போய், பதிலுக்கு ஒரு முஸ்லிம் ஆசிரியர் வந்தார். அதே ஊர், அதே ஆய்வாளர், ஆனால் மூடி வைத்திருந்ததைப் பேச ஆரம்பித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் முன்பைவிடத் தாராளமாகப் பேசினார்கள்.

சென்னையில் வழக்கமாக நடப்பது, ஏரியாவில் படித்த ஒரு பையனையோ சுய உதவிக் குழுவின் தலைவியையோ கூட வைத்துக்கொள்வது. குழுத் தலைவி பக்கத்தில் இருந்தால் கடன் பாக்கி பற்றி யாராவது வாயைத் திறப்பார்களா? தலைப்பைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் இரண்டு பேரை மாற்றி மாற்றி அழைத்துப் போங்கள், வித்தியாசம் தெரியும்.

16. ஒரு சின்னப் பொண்ணு ரகசியம்னு ஒரு விஷயம் சொன்னா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். இப்ப?

அந்த விஷயம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் என்றால் உங்கள் வாக்கு செல்லாது. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. இன்றைக்கே கைடிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்துப் பேசலாம். அந்தப் பெண்ணிடமும், முன்பு சொன்னதை உங்களால் காப்பாற்ற முடியாது, அவள் தப்பு எதுவும் இல்லை, கூட இருப்பேன் என்பதை நீங்களே சொல்லுங்கள். போலீஸ் வந்த பிறகுதான் அவளுக்கு இது தெரிந்தது என்று ஆகக் கூடாது.

இனிமேல் அறிமுகத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றதைப் பேர் போடாம எழுதுவேன். சின்னப் பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்." முழு ரகசியம் என்ற வாக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். சாராயம், திருட்டு மின்சாரம் மாதிரி விஷயங்களைத் தேடிப் போய்ப் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஸ்டேஷனிலிருந்தோ கட்சிக்காரரிடமிருந்தோ யாராவது வந்து "என்ன எழுதியிருக்க, காட்டு" என்றால், 3-ஆம் பதிலில் சொன்ன கடிதத்தைக் காட்டி, துறைத் தலைவரிடம் பேசச் சொல்லுங்கள். நோட்டில் பெயர் இல்லாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும்.

17. வாட்ஸ்அப் நம்பர் குடுத்துட்டேன். ராத்திரி பத்து மணிக்கும் போன் வருது. ஆய்வு முடிஞ்சதும் எப்படி நிறுத்துறது?

ஆய்வுக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரத்தில் எடுப்பேன் என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஸ்டேட்டஸை அவர்களும் பார்ப்பார்கள். மகாபலிபுரம் ரிசார்ட் படத்தையும், கட்சி மீம்களையும் அந்த எண்ணில் போட்டால் நீங்கள் சொன்ன அறிமுகத்தோடு அவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள்.

நிறுத்துவதற்கு முதல் நாளிலேயே வழி செய்திருக்க வேண்டும். "பொங்கல் வரைக்கும்" என்று அறிமுகத்தில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நினைவுபடுத்துங்கள். கடைசியாக ஒருநாள் நோட்டு இல்லாமல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் தீபாவளிக்கு ஒரு போன், கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் ஒரு நடை. அக்கா என்று கூப்பிட்டதற்கு இவ்வளவாவது செய்ய வேண்டும். சொல்லாமல் காணாமல் போகிறவர்களின் கணக்கு, அந்தத் தெருவுக்கு அடுத்து வரும் மாணவரின் தலையில்தான் விழும். "போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, எல்லாம் கேட்டுக்கிட்டுப் போச்சு" என்று அவரிடம் தொடங்குவார்கள்.

18. தீசிஸ்ல "என்னைப் பத்தி" ஒரு பகுதி எழுதச் சொல்றார் கைடு. "நான் நடுத்தர வர்க்கப் பெண்"னு எழுதினேன், பத்தாதுன்னு சொல்லிட்டார்.

அவர் சொன்னது சரி. அந்த ஒரு வரியால் வாசிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. உங்களை அங்கே என்னவாக எடுத்துக்கொண்டார்கள், எப்போது மாறியது, அதனால் எது கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்று எழுதுங்கள். யார் வழியாக உள்ளே போனீர்கள் (4), உங்களிடம் சாதியை எப்படி விசாரித்தார்கள் (8), கூட வந்தவர் யார் (15) ஆகிய மூன்றுக்கும் நேர்மையாக ஒவ்வொரு பத்தி எழுதினாலே அந்தப் பகுதி முடிந்துவிடும்.

களக்குறிப்பு எழுதும்போது தினமும் இரண்டு வரி தனியாக எழுதிவையுங்கள்: இன்று என்னை என்னவென்று கூப்பிட்டார்கள், யாரிடம் என்னை எப்படி அறிமுகப்படுத்தினார்கள். "நம்ம டிரஸ்ட்டு மேடம்" என்பது "எழுதுற பொண்ணு" ஆனது எந்த வாரம் என்று பிறகு யோசித்தால் நினைவுக்கு வராது.